தொண்டருக்கும் தேர்ச்சி வேண்டும்

சம்பளம் வாங்காமல் உழைக்க முன்வந்தவரிடம் தேர்ச்சியைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் பொது ஸ்தாபனங்கள் பலவற்றில் வேரூன்றியிருக்கிறது. நல்லெண்ணமும் தைரியமும் போதும் என்பது இவர்கள் கட்சி. ஆனால் நெருப்புக்கு தாட்சண்யம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா ராஜ்யத்துத் தொண்டர் தீயணைப்புப் படைகள் இந்த உண்மையை மிகுந்த விலை கொடுத்தே கற்றன.

1939-ம் வருஷம் அந்த ராஜ்யத்தில் மூண்ட காட்டுத் தீ 71 பேரைப் பலி கொண்டது. 1944-ம் வருஷத்தில் மறுபடியும் பெரும் தீ. அவ்வருஷம் இயற்றப்பட்ட சட்டத்தினால் நாட்டுப்புறத் தீயணைப்பு ஸ்தாபனம் ஏற்பட்டது. குடியானவர்களும், கடைக்காரர்களும், உபாத்தியாயர்களுமே அதன் பலம். தங்கள் கேப்டனையும் துணைத் தலைவர்களையும் அவர்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜனநாயகத்துக்கு உகந்த முறைதான். எனினும் வோட்டு பதவியைத் தரும். நெருப்பின் போக்கை அறியும் ஞானத்தைத் தராது.

1998-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி லின்டன் என்ற சிற்றூருக்கு அருகே காடு பற்றிக்கொண்டது. அதை அணைக்கச் சென்றவர்களில் கீலாங் வெஸ்ட் படையைச் சேர்ந்த ஐந்து தொண்டர்களும் இருந்தனர். காட்டுத் தீ காற்றின் போக்கிலே நீண்டு விரையும். பக்கவாட்டில் அதன் வேகம் குறைவு. ஆகவே பக்கத்தில் நின்று அணைப்பது ஆபத்தில்லை என்று தோன்றும். காற்று திசை மாறினாலோ, நீண்டு கிடந்த அந்தப் பக்கம் முழுவதும் கண நேரத்தில் தீயின் முகப்பாகிவிடும். அன்றிரவு நேர்ந்தது அதுவே. ஐவரும் தங்கள் வண்டியோடு தீக்கு இரையாயினர். அருகிலிருந்த மற்றொரு வண்டியில் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதிலிருந்தோர் உயிர் தப்பினர்.

மரண விசாரணை நெடுநாள் நடந்து, 2002-ம் வருஷம் அறிக்கை வெளியாயிற்று. காற்று மாறும் என்ற முன்னறிவிப்பு களத்திலிருந்த எல்லாக் குழுக்களுக்கும் தக்கபடி எட்டவில்லை என்பது விளங்கிற்று. தைரியத்தில் அங்கு எவரும் குறைந்தவரல்லர். அதன் பின்னரே, குறைந்தபட்சப் பயிற்சி பெறாத தொண்டரைத் தீக்களத்துக்கு அனுப்பலாகாது என்ற நியதி அங்கே உறுதிப்பட்டது. தற்காப்புக்கென வண்டியில் ஒரு பங்கு தண்ணீரை நிறுத்திவைப்பதும் கட்டாயப் பாடமாயிற்று.

பயிற்சி என்ற பெயர் மட்டும் இருந்தாலும் போதாது. 2001-ம் வருஷம் அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்து லேர்ட்ஸ்வில் என்ற ஊரில், படையில் புதிதாகச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவரை, மீட்கப்பட வேண்டியவராக நடிக்கும்படி பழைய வீடொன்றின் மாடியில் அமர்த்தி, கீழே தீ மூட்டினர். தீ கட்டுக்கு அடங்காமற் போயிற்று, இளைஞர் மாண்டார். உண்மையான தீயை மூட்டிச் செய்யும் பயிற்சியில் உயிருள்ள மனிதரை அவ்வாறு வைக்கலாகாது என்ற விதி அந்நாட்டின் பயிற்சித் தர நூலில் முன்னரே இருந்தது! பயிற்சியை நடத்திய தலைவர் கவனக் குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார். விதி ஏட்டில் இருந்து பயனென்ன? தலைவர் அதைக் கற்றிருக்க வேண்டும். கற்றதற்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும்.

பரம்பரையாக நெருப்பை அணைத்து வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடப் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஊரின் மேடு பள்ளங்களை அறிந்த அனுபவம் பெரிய செல்வமே. அதை எவரும் இகழவில்லை. ஆனால் அனுபவம் நேற்று வந்த தீயைக் காட்டும். நாளை வரும் தீயை எதிர்பார்க்கக் கல்வி வேண்டும். அக்கல்வியின் செலவைத் தொண்டர் தலையில் சுமத்தாமல் சர்க்கார் ஏற்க வேண்டும். பகலில் பிழைப்பைக் கவனிப்பவர்களுக்கு ஏற்ற நேரத்தில் அதை அளிக்கவும் வேண்டும்.

முன்னேறு என்று கட்டளையிடுவது எளிது. கைதட்டலும் அதற்கே கிடைக்கும். வேளை அறிந்து, "பின்வாங்குங்கள்" என்று சொல்லத் துணிபவரே தலைவர். அந்தச் சொல்லை முணுமுணுக்காமல் ஏற்பவரே தொண்டர். இவ்விரண்டையும் பழக்கத்தினால்தான் பெற முடியும். தன்னை நம்பி வந்தவர்களை உயிரோடு வீடு சேர்ப்பது தலைவரின் முதற் கடமை. அதைக் கற்பிக்காத ஸ்தாபனம் தொண்டு என்ற பெயரைச் சொல்லி இளைஞர்களை அழைக்க உரிமையுடையதன்று.