லாரி ஏறும் கோடாரிகள்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய சென்னைவாசிகள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. இரண்டுக்கும் ஒரே தகப்பன்தான். 1851-ல் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர், கூட்டம் வருமே என்று வளாகத்துக்குள்ளேயே உயிருள்ள விலங்குகளையும் வளர்த்தார். பின்னாளில் அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இன்னும் ஒரு படி மேலே போய், வந்தவர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து குறித்துக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்தவரே காட்சிப்பொருள்! 1874-ல் மங்களூர்ப் பக்கம் கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, 60 அடிக்கு மேல் நீளம், இன்றும் பிள்ளைகளை வாய்பிளக்க வைக்கிறது.

விடுமுறைச் சிறப்பிதழுக்கு இப்படிப்பட்ட விநோதங்கள்தான் வேண்டும் என்றார்கள். என் மனம் போனது பூண்டிக்கு.

திருவள்ளூர்க்காரர்கள் பூண்டிக்குப் போவது ஏரியைப் பார்க்கவும் மீன் வறுவல் சாப்பிடவும்தான். அங்கேயே 1985-ல் மாநிலத் தொல்லியல் துறை அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. உள்ளே திமிங்கிலமும் இல்லை, புலியும் இல்லை. கல், கல், மேலும் கல். “இதுக்கா டிக்கெட்?” என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்து, வாதாம் பருப்பு வடிவில் செதுக்கிய ஒரு கைக்கோடாரியின் முன் நில்லுங்கள். இரு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி, நுனியைக் கூராக்கி, பிடிக்கும் இடத்தைத் தடிமனாக விட்டிருக்கிறார்கள். நம் உள்ளங்கையில் கச்சிதமாக உட்காரும் அளவு. ஆனால் செய்தவர் நம் இனத்தவர் அல்லர். நம் இனம் தோன்றியே ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பூண்டியிலிருந்து சில கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த இவ்வகைக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

அந்த ஊரின் களிமண்ணே ஒரு வேடிக்கை. டைனோசர் காலத்தைச் சேர்ந்தது, அதில் மனிதச் சுவடு இருக்க வாய்ப்பில்லை என்றுதான் நெடுநாள் கருதினார்கள். 1999-ல் தொடங்கிய அகழாய்வில் அந்தக் களிமண்ணுக்குள்ளிருந்தே கருவிகள் வந்தன. கூடவே விலங்குகளின் பற்களும், குளம்பு பதிந்தது போன்ற தடங்களும்.

கருவிகளின் வயதை எப்படிச் சொன்னார்கள் என்பதில்தான் என் கவலை தொடங்குகிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் படும்போது குவார்ட்ஸ் கல்லில் அலுமினியம், பெரிலியம் இரண்டின் அரிய அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்றுபோய், இருப்பவை வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. மிச்சமிருப்பவற்றின் விகிதம்தான் கல் எவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்தது என்ற கணக்கு. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. இடம் மாறிய கோடாரி வெறும் கல்.

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை சாலையில் நின்று பாருங்கள். தார்ப்பாய் போட்டும் போடாமலும் டிப்பர் லாரிகள். சவுடு, கிராவல், செம்மண். தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் எழும்ப வேண்டுமானால் முதலில் தரையை மேடாக்க வேண்டும். மனைப்பிரிவு போடுபவருக்கும் சாலை போடுபவருக்கும் அதே கிராவல்தான். அந்தச் செம்மண் கிராவல்தான் ஆதிமனிதர் கருவிகளின் படுக்கையும். மண் எடுக்காமல் தொழிற்சாலையும் வேலையும் எப்படி வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பொக்லைன் ஒரு நாளில் வாரும் அடுக்கை, தூரிகையும் கரண்டியுமாக உட்கார்ந்து படித்தால் ஆண்டுக்கணக்காகும்.

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் இந்தியாவின் அந்தப் புகழ்பெற்ற முதல் கைக்கோடாரியைக் கண்டெடுத்தது எங்கே? 1863 மே 30-ம் தேதி, கிராவலுக்காக வெட்டிய ஒரு பள்ளத்தில்! அதே ஆண்டு செப்டம்பரில், சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு வந்து அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். ஃபூட்டின் சேகரிப்பு 1904-ல் செத்த காலேஜுக்கே போய்ச் சேர்ந்தது. ஆக, பள்ளம் வெட்டியதால்தான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வே பிறந்தது என்று யாராவது வாதாடினால் மறுக்க முடியாது. அன்று வெட்டியது கைக்கடப்பாரை. குனிந்து பார்க்க ஒரு ஆளும் இருந்தார். இன்றைய வேகத்தில் யார் குனிவது?

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டுச் சுற்றுலாவில் தீம் பார்க்குக்கு முன்னால் பூண்டியில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பிள்ளைகள் கண்ணுக்கு ஒருமுறை பழகிவிட்டால் கோடாரி எது, கூழாங்கல் எது என்று அவர்களே பிரித்துவிடுவார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒன்று: உங்கள் வாசலில் கொட்டிய கிராவலில் அப்படியொரு கல் கண்ணில் பட்டால் கழுவி ஷோகேஸில் வைக்காதீர்கள். எந்தப் பள்ளத்து மண் என்று லாரி ஓட்டுநரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, பூண்டி அகழ்வைப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.