மூலிகை நூல்களும் மரச்செதுக்குப் படங்களும்

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, படங்களோடு கூடிய மூலிகைச் சுவடிகளில் மூன்று குறைகளைக் கண்டார். செடியின் வண்ணங்களை உள்ளவாறு தீட்டுதல் அரிது. படியெடுப்போர் கைபட்டு உருவம் திரியும். பருவந்தோறும் மாறும் செடியை ஒரு பருவத்தில் மட்டும் வரைதல் போதாது என்பன அவை. ஐரோப்பாவில் அச்சேறிய மூலிகை நூல்களின் மரச்செதுக்குப் படங்கள் இக்குறைகளை எந்த அளவிற்குக் களைந்தன என்பதை ஈண்டு நோக்குவோம்.

மருத்துவருக்கு இஃது உயிர்ச் சிக்கலாகும். டிஜிடாலிஸ் என்னும் நச்சுச்செடி முதலாண்டில் பெரும்பாலும் இலைகளை மட்டுமே கொண்டிருக்கும். அவ்விலைகளைக் காம்ஃபிரி என்னும் மூலிகையின் இலைகள் என மயங்கி உண்டோர் நஞ்சுக்கு ஆளாகியுள்ளனர்.

மரச்செதுக்கில், கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு பலகையின் ஏனைய பகுதிகள் குடைந்து நீக்கப்படும். பலகை அச்செழுத்தின் உயரமே உடையதாதலின், படமும் உரையும் ஒருங்கே அச்சாகும். எல்லாப் படிகளிலும் ஒரே உருவம் அமைவதால், படியெடுப்போரால் நேரும் திரிபு நீங்கியது. ஆயின், பலகையில் பிழை இருப்பின் அப்பிழையும் அவ்வாறே பெருகும். 1481ஆம் ஆண்டையொட்டி உரோமில் அச்சான மூலிகை நூல், பழஞ்சுவடிப் படங்களைப் பின்பற்றியமையால் அவற்றின் திரிபுகளையே பரப்பியது.

1530இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வெளிவரத் தொடங்கிய புருன்ஃபெல்ஸின் நூலுக்கு ஹான்ஸ் வைடிட்ஸ் செடிகளை நேரிற்கண்டு வரைந்தார். வாடிய இலையும் ஒடிந்த தண்டுங்கூட அவர் படங்களில் இடம்பெற்றன. ஆனால் அவை அவர் கண்ட தனிச்செடியின் உருவங்களே. டூபிங்கன் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் வேறு வழியை மேற்கொண்டார். 1542இல் பாசலில் வெளியான அவரது நூலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. டிஜிடாலிஸ் என்னும் பெயரும் அந்நூலில் அவர் இட்டதே. வேர், இலை, மலர், கனி ஆகியவற்றை ஒரே செடியில் காட்டும் முறையை அவர் கையாண்டார். உருவத்தை மறைக்கும் நிழற்கோடுகளுக்கும் அவர் இடந்தரவில்லை. இயற்கையில் ஒருங்கே காணவியலாத அத்தகைய தோற்றம், செடியை எப்பருவத்திலும் இனங்காண உதவியது. இங்ஙனம் பிளினி கூறிய பருவக் குறைக்கும் விடை கிடைத்தது.

வண்ணக் குறை மட்டும் எஞ்சியது. அச்சான பின்னர்ப் படிதோறும் கையால் வண்ணந்தீட்ட வேண்டியிருந்தமையின், அதில் திரிபுக்கு இடமிருந்தது.

இவற்றால் நாம் உணர்வது, பலகை ஒருமையை அளித்ததேயன்றி உண்மையை அளிக்கவில்லை என்பதாகும். உண்மை, கண்டறிந்தோரின் கூர்நோக்கினால் வந்தது. ஃபூக்ஸ் இதனை உணர்ந்திருந்தார் எனலாம். செடிகளை வரைந்த மையர், அவற்றைப் பலகைக்கு மாற்றிய ஃபுல்மவுரர், செதுக்கிய ஸ்பெக்லே ஆகிய மூவரின் உருவங்களும் அவர் நூலின் இறுதியில் பெயரோடு இடம்பெற்றுள்ளன.