நின்றபடியே பணிபுரிவோரின் கால்நலம்

கீரனூர் போன்ற ஊர்களின் கடைவீதிகளில், துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரிவோர் பலர் நாளின் பெரும்பகுதியை நின்றபடியே கழிக்கின்றனர். நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ அவர்களுள் ஒருவராயின், இடையிடையே அமர்வது உடலுக்குத் தேவை என்பதையும் அது சட்டம் அளித்துள்ள உரிமை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கால்களில் நிகழ்வது என்ன?

கால்களிலிருந்து இரத்தத்தை இதயத்திற்குக் கொண்டுசெல்பவை சிரைகள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளிலுள்ள வால்வுகள் அது கீழிறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்கையில் இரத்தம் காலில் தேங்குகிறது. வால்வுகள் வலுவிழந்தால் சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன. இதனை ‘நரம்புச் சுருட்டல்’ என்பர். எனினும் பாதிக்கப்படுவது நரம்பன்று, சிரையே. மரபு, கருவுறுதல், உடற்பருமன் ஆகியவற்றுடன் நெடுநேரம் நிற்பதும் இதற்கு ஒரு காரணியாகும்.

அறிகுறிகள்

• மாலையில் கணுக்கால் வீக்கம், கால் கனத்தல்
• இரவில் தசைப்பிடிப்பு
• கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தல், ஆறாத புண்

ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் தோன்றினால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். காலைத் தேய்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருப்பின் 108-ஐ அழையுங்கள்.

சட்டம் கூறுவது

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. அதன்படி, ஒவ்வொரு கடையும் பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி அளித்தல் வேண்டும்; வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பணியாளர் அமரலாம். கேரளம் 2018-இலேயே இத்தகைய திருத்தத்தைக் கொண்டுவந்தது. இருக்கை மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அமருங்கள். இயலாதபோது குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துங்கள்.
• கழிப்பறைக்குச் செல்வதைத் தவிர்ப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். அது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கலாம்.
• அழுத்தக் காலுறையை மருத்துவர் அறிவுரைப்படி மட்டுமே அணியுங்கள்.

பராமரிப்பவர்களுக்கு

வீடு திரும்பியவர் சிறிது நேரம் கால்களைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்திருக்க உதவுங்கள். நீரிழிவு உள்ளவராயின் பாதங்களை நாள்தோறும் பாருங்கள். புடைத்த சிரையிலிருந்து இரத்தம் கசிந்தால், அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, தூய துணியால் அழுத்திப் பிடித்து, 108-ஐ அழையுங்கள்.

மருத்துவ ஆலோசனைக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். 104 என்ற எண்ணிலும் கேட்டறியலாம்.