நாணயத்திற்கு மதிப்பெண்

ஏழாயிரம்பண்ணையில் ஒருவருக்கு அரிசி கடனாகக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கக் கடைக்காரருக்குக் காகிதம் எதுவும் வேண்டியதில்லை. எந்த ஆலையில் வேலை, சென்ற மழைக்காலத்துப் பாக்கி எப்பொழுது தீர்ந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காசையும் வாக்குத் தவறாமையையும் நாணயம் என்ற ஒரே சொல்லால் குறிக்கும் மக்கள் நாம்.

பாங்கியின் வாசலிலோ இந்த நாணயம் செல்லுவதில்லை. அங்கே கேட்கப்படுவது மதிப்பெண். 2000-ல் சிபில் கம்பெனி தோன்றிற்று. 2005-ல் இதற்கென்று ஒரு சட்டம் பிறந்தது. இன்று இத்தகைய கம்பெனிகள் நான்கு. யார் எவ்வளவு கடன் வாங்கினார், எந்தத் தவணை எத்தனை நாள் பிந்திற்று என்பதைப் பாங்கிகளிடமிருந்து திரட்டி, 300 முதல் 900 வரை ஓர் எண்ணாகச் சுருக்கித் தருகிறார்கள். பிறருக்கு ஜாமீன் நின்றதும் அதில் பதிவாகும். தாட்சண்யத்திற்காகக் கையெழுத்திடும் நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இந்தக் கணக்கே வேண்டாமென்பது நமது கட்சியன்று. 2010-ல் ஆந்திராவில் நுண்கடன் கம்பெனிகள் பல, ஒன்று கொடுத்ததை மற்றொன்று அறியாமல், ஒரே குடும்பத்தின் தலையில் கடனை ஏற்றியதன் விபரீதத்தை நாடு கண்டது. குடும்ப வருமானத்தில் பாதிக்குமேல் தவணைக்குப் போகலாகாதென்று 2022-ல் ரிஸர்வ் பாங்கி நுண்கடனுக்கு விதித்த வரம்பையும், இத்தகைய ஏடு இல்லாமல் யாரும் அமல் நடத்த முடியாது.

ஆனால் ஏட்டிற்குத் தெரியாதவை பல. பட்டாசுத் தொழிலாளிக்குச் செய்த உருப்படிக்கே கூலி. மழை பெய்தால் மருந்து காயாது, வேலையும் கிடையாது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்பைத் தடுத்தபின், தீபாவளி கழிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் அடைபட்டன. அப்பொழுது தவணை தவறியவரின் பக்கத்தில் ‘90 நாள் தாமதம்’ என்று எழுத இடமுண்டு. ஆலை பூட்டிக் கிடந்தது என்று எழுத இடமில்லை. கந்துவட்டிக்காரருக்கு வாரந்தவறாமல் செலுத்தியவரின் நேர்மையும் அங்கே ஏறுவதில்லை. அவர் பக்கம் வெறுமை, வெறுமையே குற்றமாகிவிடுகிறது. முதன்முறை கடன் கேட்பவரை, முன்கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளலாகாது என்பது 2025 ஜனவரியில் ரிஸர்வ் பாங்கி சொன்னது. கிளை அதிகாரிகள் அதைப் படித்தார்களா?

பாங்கி தள்ளினால் அவர் எங்கே போவார்? தண்டல்காரரிடம், அல்லது ஏஜெண்டின் முன்பணத்திற்கு. பெற்றோர் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கப் பிள்ளைகள் தீப்பெட்டி வேலைக்குப் போன காலத்தை இந்தச் சீமை மறந்திராது. 1996-ல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளிக்க நேர்ந்தது அந்த வறுமையினால்தான்.

தொழிலாளர் சங்கத்தார் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆண்டிற்கொருமுறை ஒவ்வொரு கம்பெனியும் முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டது. அதை வாங்கித் தமிழில் படித்துக் காட்டலாம். பிழையிருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டென்பது 2024 ஏப்ரல் முதல் விதி.

சர்க்காரிடமும் ரிஸர்வ் பாங்கியிடமும் நாம் கேட்பது புதிய சலுகையன்று. 2020-ல் கொரோனாவை முன்னிட்டு மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணையை ஒத்திவைக்க இடமளித்து, அதனால் எவர் கடன் கணக்கும் கெடலாகாதென்றார்கள். ஒரு தொழில் முழுவதும் அடைபடும்பொழுது அதன் தொழிலாளிகளுக்கு மட்டும் அதே முறையை ஏன் அனுஷ்டிக்கலாகாது? ஆலைகள் பூட்டிய தேதியும் திறந்த தேதியும் ஜில்லா அதிகாரிகள் அறிந்தவைதாமே. அவற்றைப் பாங்கிகளுக்கு எழுதி அனுப்பட்டும்.