வேம்பு பூக்கும் முன்னரே பெட்டியைத் திறவுங்கள்



மாரி மழை ஓய்ந்து பனியும் குறையத் தொடங்க, எங்கள் வன்னி மண் மெல்ல மெல்லப் பூக்கத் தொடங்குகின்றது. முதலில் மாமரம், முருங்கை. பங்குனி பிறக்க வேம்பு. வேப்பம்பூ பொறுக்கி வடகம் போடும் எங்களுக்கு இந்தப் பருவம் நன்கு தெரியும். வீட்டில் தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு இதுவே அறுவடைக்கான பருவம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பெண்கள் குழுக்களைச் சந்திக்கும்போது, "பெட்டி தந்தார்கள், தேனீ ஓடிவிட்டது" என்ற கவலையை அடிக்கடி கேட்கின்றேன். இது அவர்களின் அதிர்ஷ்டக் குறைவு அல்ல. பெரும்பாலும் பெட்டி கிடைத்ததே தவிர, அதனை எப்போது கவனிக்க வேண்டும் என்ற விளக்கம் கிடைக்கவில்லை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இராணி இட்ட முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறத்தாழ மூன்று கிழமை ஆகும். பிறந்த தேனீ உடனே பூவுக்குப் போவதில்லை. மேலும் இரண்டு, மூன்று கிழமை கூட்டுக்குள்ளே புழுக்களுக்கு ஊட்டும், வதை கட்டும். அதன் பிறகுதான் வெளியே பறக்கும். ஆகவே பங்குனியில் வேப்பம்பூவுக்குப் போகவேண்டிய தேனீ, தை மாதத்திலேயே முட்டையாக இருக்க வேண்டும். பூவைக் கண்டபின் பெட்டியைக் கவனித்தால் காலம் கடந்துவிடும்.

மழைக்காலத்தில் தேனீக்கள் வெளியே போக முடியாமல் சேமிப்பை உண்டு மெலிந்திருக்கும். எனவே தைப்பொங்கல் முடிந்ததும், வெயில் உள்ள ஒரு காலை வேளையில், பொச்சுமட்டைப் புகையை இலேசாகக் காட்டிப் பெட்டியைத் திறவுங்கள். கறுத்துப்போன வெற்று வதைகளை அகற்றுங்கள். மெழுகுப்பூச்சி அவற்றில்தான் குடிபுகும். அடிப்பலகையைத் துடையுங்கள். பெட்டியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைத்தால் எறும்பு ஏறாது. உணவு குறைவாக இருந்தால் ஒரு குவளை சீனிக்கு ஒரு குவளை கொதித்தாறிய நீர் கலந்து, மாலையில் பெட்டிக்குள்ளே வையுங்கள். பகலில் வைத்தால் வேறு கூட்டுத் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும். பூ மலர்ந்து மேல்தட்டு வைத்தவுடன் சீனிப்பாகை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தேனில் சீனி கலந்துவிடும்.

வதையின் கீழ் விளிம்பில் கச்சான் கோது போன்ற அறைகள் தொங்கினால், புதிய இராணி உருவாகின்றது என்று அர்த்தம். கூட்டம் பிரிந்து போகப் போகின்றது. அப்போது புழுவும் தேனும் உள்ள சில வதைகளை அந்த அறையுடனும் தேனீக்களுடனும் இன்னொரு பெட்டிக்கு மாற்றினால் உங்களுக்கு இரண்டாவது கூடு கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிப்பவரிடம், தேனீக்கள் அடங்கிய மாலை நேரத்தில் அடிக்குமாறு கேளுங்கள்.

கூடு தேடிப் பற்றைக்காடுகளுக்குள் போகவேண்டாம். கண்ணிவெடி அகற்றப்படாத இடங்கள் எம் மண்ணில் இன்னும் உள்ளன. உள்ளே தேன்மெழுகு பூசிய மண்முட்டியை வளவிலுள்ள மரத்தில் கட்டினால், பிரிந்து வரும் கூட்டம் அதில் குடியேறக்கூடும். இது இலங்கைக் கிராமங்களின் பழைய வழக்கம். பண்டாரவளையிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இத்துறைக்கானது. உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் பயிற்சி பற்றி விசாரியுங்கள்.

காணி உறுதி கணவர் பெயரிலோ, காணாமற்போனவர் பெயரிலோ இருப்பதால் தடுமாறும் எத்தனையோ சகோதரிகள் எம்மிடையே உள்ளனர். தேனீ உறுதி கேட்பதில்லை. ஒரு வேப்பமர நிழல் அதற்குப் போதும். ஆனால் பெட்டி வாங்குவதற்காகக் கிழமைக் கிழமை கட்டும் நுண்கடன் எடுக்காதீர்கள். தேனீ தருவது பருவத்துக்கு ஒருமுறை. கடன் அறவிட வருபவர் ஒவ்வொரு கிழமையும் படலையில் நிற்பார். இரண்டு பெட்டிகளுடன் தொடங்குங்கள். முதல் வருடம் வருமானத்தை எதிர்பாராது பழகுங்கள்.

தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மார்த்தாண்டத்தைப் பாருங்கள். 1920களில் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் அங்கே தேனீ வளர்ப்பைக் கற்பித்தது. 1990களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் தென்னிந்தியாவின் பெரும்பாலான கூடுகளை அழித்தது. ஆயினும் தொழில் மீண்டும் எழுந்தது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நோய் எங்கள் கூடுகளுக்கும் வரலாம். அதனால் கோழி, வீட்டுத்தோட்டம் போன்றவற்றைக் கைவிடாமல் இதனையும் சேர்த்துச் செய்வதே புத்தி.

தேன் எடுக்கும்போது மெழுகால் மூடப்பட்ட வதையை மட்டும், மேல்தட்டில் இருந்து மட்டும் எடுங்கள். மூடாத தேன் புளித்துவிடும். கீழ்த்தட்டிலுள்ளது குஞ்சுகளின் சாப்பாடு. அதையும் பிழிந்தால் கூட்டம் ஓடிவிடும். இன்னொன்று, ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேன் தடவாதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் குழந்தைக்கு ஆபத்தானது.

பெட்டி வைத்திருக்கும் சகோதரிகள் இந்தத் தையில் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். பெட்டி இல்லாதவர்கள், வளவில் எந்த மரம் எந்த மாதம் பூக்கின்றது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அதுவே தேனீ வளர்ப்பின் முதற் பாடம்.