முகம் ‘இழுக்குதா’? அது சுத்தம் இல்ல!

ஆபீஸ் முடிந்து பைக்கில் வீடு வந்ததும், குளியல் சோப்பால் முகத்தைப் பரபரவெனத் தேய்ப்பவரா நீங்கள்? கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறதே, அது சுத்தமல்ல, வறட்சி. தோலின் பிஹெச் அளவு சுமார் 5. சாதாரண சோப்புக்கோ 9 முதல் 10. அழுக்கோடு சேர்த்து, ஈரத்தைக் காக்கும் எண்ணெய்ப் பசையையும் அது எடுத்துவிடும். போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம்: அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து முகத்திலேயே படியும். பாத்ரூம் மக்கில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதேதான்!

தினமும் ரெண்டு தடவை, வியர்த்தால் இன்னொரு தடவை போதும். வாசனை சேர்க்காத மைல்டு ஃபேஸ்வாஷை விரல் நுனியால் தடவிக் கழுவுங்கள். ஸ்க்ரப் வேண்டாம். டவலால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். அப்பவும் எரியுதா? ஃபேஸ்வாஷை மாத்திக்கிட்டே இருக்காம, தோல் டாக்டரைப் பாருங்க.