கண்டல் இலை கற்பிக்கும் பாடம்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரைக்கு எழுவான்கரை என்றும் மேற்கரைக்குப் படுவான்கரை என்றும் பெயர். ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே அவ்விரு கரைகளுக்கும் பெயராயின. இவற்றிடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவியில் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கின்றன. சக்தி, உணவு வலை, காபன் வட்டம் ஆகிய மூன்றையும் அவ்வூர்ச் சிறுவருக்குக் கற்பிக்க இதனினும் சிறந்த பாடநூல் வேண்டுவதில்லை.

கரையில் உதிர்ந்து கிடக்கும் கண்டல் இலையொன்றை எடுத்துப் பாடத்தைத் தொடங்கலாம். அவ்விலையில் இரு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, ஞாயிற்றொளியிலிருந்து பெற்ற சக்தி. மற்றொன்று, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து பெற்ற காபன். இலை நீரில் விழுந்தபின் இவ்விரண்டும் எங்கே செல்கின்றன என்பதே சிறுவர் விடைகாண வேண்டிய வினா.

விழுந்த இலையை நண்டு கடித்துத் துணுக்காக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனை மக்கச் செய்கின்றன. அம்மக்கலை இறாலும் மணலை மீனும் உண்கின்றன. அவற்றைக் கொடுவா உண்கிறது. சிறு மீனை நீர்க்காகமும் கொக்கும் கொள்ள, பெரிய மீன் முதலைக்கும் மீனவர் வலைக்கும் இரையாகிறது. ஓருயிர் பல உயிர்களுக்கு உணவாதலின், இது நேரான சங்கிலியன்று. பின்னிக் கிடக்கும் வலையேயாகும்.

சக்தியின் போக்கை விளக்க ஓர் எளிய விளையாட்டுப் போதும். சிறுவர் வரிசையாக நின்று, முதற் பிள்ளை கைகளில் ஏந்திய நீரை அடுத்த பிள்ளையின் கைகளில் ஊற்ற வேண்டும். கைமாறுந்தோறும் நீர் சிந்தும். கடைசிப் பிள்ளைக்குச் சில துளிகளே எஞ்சும். உண்ட உணவிலுள்ள சக்தியில் பெரும்பகுதி உயிர்வாழ்வதற்கே செலவாகி வெப்பமாய் நீங்கிவிடுகிறது. அமெரிக்க அறிஞர் ரேமண்ட் லிண்டெமன் மின்னசோட்டாவிலுள்ள சிற்றேரி ஒன்றை ஆராய்ந்து 1942ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இவ்வாராய்ச்சிக்கு அடிகோலிற்று. ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே சேர்கிறது என்பது பொதுக் கணக்கு. இலையில் 1000 பங்கு இருப்பின், இறாலுக்கு 100, கொடுவாவுக்கு 10, முதலைக்கு 1. வாவியில் இறால் ஏராளமாகவும் முதலை சிலவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

காபனின் போக்கு வேறு. அதே சிறுவரை வட்டமாக நிறுத்தி மட்டி ஓடொன்றைக் கைமாற்றச் செய்தால், அது தேயாமல் தொடங்கிய கைக்கே திரும்பும். நண்டும் மீனும் மனிதரும் விடும் மூச்சில் காபன் காற்றை அடைகிறது. மீண்டும் இலை அதனை ஈர்க்கிறது. சக்தி ஞாயிற்றைப் போல ஒருவழிச் செல்வது. காபன் வட்டமாய்ச் சுழல்வது.

ஒரு பிள்ளை அவ்வோட்டைச் சேற்றில் புதைத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கண்டற்காட்டிலும் இஃது ஓரளவு நிகழ்கிறது. ஒட்சிசன் புகாத சேற்றில் இலையும் வேரும் முற்றும் மக்குவதில்லை. அவற்றின் காபன் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே உறங்கும். விறகுக்கும் நிலம் மீட்பதற்கும் இறாற் பண்ணைக்கும் கண்டலை வெட்டிச் சேற்றைக் கிளறினால், உறங்கிய காபன் காற்றிலேறும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்பொழுது 420ஐத் தாண்டிவிட்டது. இலையற்ற வாவியில் இறாலும் குறையும். வலை வீசுவோரின் அடுப்பும் அதனை உணரும்.

2015ஆம் ஆண்டில் இலங்கை அரசு நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காப்பதாக அறிவித்தது. அறிவிப்பு ஏட்டிலுள்ளது, கண்டலோ கரையிலுள்ளது. அதன் அருகே வளரும் பிள்ளைகள், உதிர்ந்த ஓரிலை எத்தனை உயிர்களைப் புரக்கிறது என்று அறிவார்களாயின், அக்காட்டுக்கு அவர்களினும் சிறந்த காவலர் இலர்.